இடர் உரைத்தல்: அல்சூரும் தமிழ்த்துறைகளின் மௌனமும்

முன்னுரை

பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை ஒன்று உள்ளது. 1991-ஆம் ஆண்டில் திறக்கப்படவிருந்த அச்சிலை, எதிர்ப்பின் காரணமாகத் துணியால் மூடப்பட்டுப் பதினெட்டு ஆண்டுகள் கிடந்தது, 09.08.2009 அன்றுதான் திறந்து வைக்கப்பட்டது. நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடப் புலவர் சர்வஞ்ஞரின் சிலை திறக்கப்பட்டது. சிலையைத் திறந்தால் என்ன நேருமோ என்னும் அச்சம் ஒரு தலைமுறையையே காத்திருக்க வைத்தது.

அச்சம் எவ்வாறு அளக்கப்படுகிறது, எவரால் சொல்லப்படுகிறது, எவரால் நம்பப்படுகிறது ஆகிய வினாக்களை ஆராயும் துறை இடர்த்தொடர்பியல் எனப்படும். மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்களில் இத்துறைக்கென முனைவர் பட்ட மேலாய்வுப் பணியிடங்கள் தொடர்ந்து அறிவிக்கப்படுகின்றன. அவை தொடர்பியல், பொதுநலவாழ்வியல், சூழலியல் துறைகளில் அமைகின்றன. தமிழகத்துத் தமிழ்த்துறைகளோ இத்துறையைத் தம்முடையதாக எண்ணிப் பார்த்ததே இல்லை. இடர்த்தொடர்பியல் தமிழ்த்துறைக்கு உரிய பொருள் என்பதும், அதற்கென ஒரு மேலாய்வுப் பணியிடம் உடனடித் தேவை என்பதும், அதன் முதற்களம் அல்சூர் போன்ற இடமாக அமைதல் வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதமாகும்.

துறையின் தோற்றமும் இந்தியாவும்

இடர்த்தொடர்பியலை அயல்நாட்டுச் சரக்கெனக் கூறுவோர் உளர். அத்துறையின் வளர்ச்சிக்கு உந்துதலாக அமைந்த பெருநிகழ்வுகளுள் ஒன்று இந்திய மண்ணில் நடந்தது என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். 1984-ஆம் ஆண்டு திசம்பர் 2, 3 நாட்களுக்கு இடைப்பட்ட இரவில் போபாலில் நச்சுவளி கசிந்தது. என்ன வளி, எத்திசையில் ஓட வேண்டும், எதனைச் செய்ய வேண்டும் என்பவற்றுள் ஒன்றையும் ஆலையைச் சுற்றி வாழ்ந்தோர் அறிந்திருக்கவில்லை. ஈரத்துணியால் முகத்தை மூடிக்கொள்ளுமாறு உரிய நேரத்தில் சொல்லியிருந்தால் பலர் பிழைத்திருப்பர் என்பது பின்னர்ப் பரவலாக எடுத்துரைக்கப்பட்டது. அப்பேரழிவின் எதிரொலியாக அமெரிக்கா 1986-இல் சட்டம் ஒன்றை இயற்றியது. தம் ஊரில் உள்ள ஆலைகளின் நச்சுப்பொருள்களை அறிந்துகொள்ளும் உரிமையை அது அந்நாட்டு மக்களுக்கு அளித்தது. இறந்தோர் இந்தியர்; பாடம் கற்றோர் அமெரிக்கர்.

1987-இல் பால் சுலோவிக் இடரை மக்கள் உணரும் முறை பற்றி எழுதிய கட்டுரை, வல்லுநர் காணும் இடரும் பொதுமக்கள் காணும் இடரும் வேறுவேறு என நிறுவியது. வல்லுநர் இறப்பெண்ணிக்கையை நோக்குகின்றனர். மக்களோ அது தம் விருப்பப்படி வந்ததா, தம் கட்டுப்பாட்டுக்குள் உள்ளதா, குழந்தைகளைத் தாக்குமா என நோக்குகின்றனர். 1989-இல் அமெரிக்க நாட்டு ஆய்வுக் கழகம் இடர்த்தொடர்பை இருவழிக் கருத்துப் பரிமாற்றம் என வரையறுத்தது. மேலிருந்து கீழே செய்தி இறக்குவது தொடர்பு ஆகாது என்பதே அவ்வரையறையின் சாரம்.

சொல் பிழைத்தால் உயிர் பிழைக்காது என்பதற்கு இத்தாலியின் லாக்கிலா நகர் சான்று. 06.04.2009 அன்று அங்கு நேர்ந்த நிலநடுக்கத்தில் 309 பேர் மாண்டனர். அதற்குச் சில நாள் முன்னர் மக்களுக்கு அளிக்கப்பட்ட ஆறுதலுரை பொறுப்பற்றது எனக் கூறி அறிவியலாளர் அறுவரும் அரசு அலுவலர் ஒருவரும் 2012-இல் தண்டிக்கப்பட்டனர். 2014-இல் மேல்முறையீட்டில் அறிவியலாளர் அறுவரும் விடுவிக்கப்பட்டனர். அலுவலரின் தண்டனை குறைக்கப்பட்டது. நிலநடுக்கத்தை முன்கூட்டிச் சொல்ல இயலாது என்பதை அனைவரும் அறிவர். வழக்கு மன்றத்தில் ஆராயப்பட்டவை சொற்கள். சொற்களை ஆராய்வது எத்துறையின் தொழில் என்பதைத் தமிழ்த்துறையினர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

தமிழில் நேர்ந்த பிழைகள்

26.12.2004 அன்று காலை ஏறத்தாழ ஆறரை மணிக்குச் சுமத்திராவுக்கு அருகே கடலடி நிலம் அதிர்ந்தது. தமிழகக் கரையை அலை அடைவதற்கு இரண்டு மணி நேரத்திற்கு மேல் ஆயிற்று. அந்த இடைவெளியில் தமிழில் ஓர் எச்சரிக்கையும் கரையை அடையவில்லை. தமிழகத்தில் ஏறத்தாழ 8,000 பேர் இறந்தனர். அவர்களுள் பெரும்பகுதியினர் நாகப்பட்டினம் மாவட்டத்தினர். இத்தனைக்கும் 'கடல்கோள்' என்னும் சொல் தமிழ்ப் புலமையுலகில் நெடுங்காலமாக வழங்கி வந்தது. இறையனார் களவியல் உரை கூறும் கடல்கோள் பற்றி எழுதப்பட்ட கட்டுரைகளுக்கு அளவில்லை. கடல் கொண்ட பழம்நிலத்தின் பரப்பைப் பற்றி வழக்காடிய புலமை, கடல் கொள்ளவிருக்கும் குப்பத்துக்கு அச்சொல்லை எச்சரிக்கையாக மாற்றித் தரவில்லை. சொல் நூலகத்தில் இருந்தது, கரையில் இல்லை.

அதே நாளில் புதுச்சேரிப் பகுதியின் நல்லவாடு என்னும் மீனவச் சிற்றூர் தப்பியது. சிங்கப்பூரில் இருந்த அவ்வூர்க்காரர் ஒருவர் செய்தியறிந்து தொலைபேசியில் எச்சரித்தார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கு அமைத்திருந்த அறிவு மையத்தின் ஒலிபெருக்கி வாயிலாக ஊரார்க்கு அறிவிக்கப்பட்டது. அன்றாடம் கடல்நிலையைச் சொல்லி வந்த ஒலிபெருக்கி அது. சொன்னவர் ஊரார், சொன்ன மொழி ஊர்மொழி, கேட்ட கருவி பழகிய கருவி. இடர்த்தொடர்பியல் நூல்கள் பலவும் வலியுறுத்தும் நம்பிக்கை, எளிமை, வழக்கமான ஊடகம் ஆகிய மூன்றும் அங்குத் தாமாகவே பொருந்தின.

2015 திசம்பர் முதல் நாளில் சென்னை செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நீர் திறக்கப்பட்டபோது, வெளியேற்றம் வினாடிக்கு ஏறத்தாழ 29,000 கனஅடி வரை உயர்ந்தது. அடையாற்றங்கரையில் குடியிருப்பவருக்குக் கனஅடி என்பது பொறியாளரின் அளவை. அவருக்கு வேண்டிய விடைகள் வேறு: நீர் எப்போது தெருவுக்கு வரும், எந்தப் படிவரை ஏறும், எப்போது கிளம்ப வேண்டும். கனஅடியைப் படிக்கட்டாக மாற்றிச் சொல்வது நீர்ப்பொறியியலும் மொழியறிவும் கூடிச் செய்ய வேண்டிய பணி.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் கன்னியாகுமரிக் கடலைத் தாக்கியது. ஆழ்கடலில் பல நாள் தங்கி மீன்பிடிப்போர் முன்னரே நெடுந்தொலைவு சென்றிருந்தனர். கரையில் விடுக்கப்பட்ட அறிவிப்பு அவர்களை எட்டவில்லை. வானிலைத் துறையின் சொற்படிகள் 'காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி', 'தாழ்வு மண்டலம்', 'ஆழ்ந்த தாழ்வு மண்டலம்', 'புயல்' என ஏறுகின்றன. கொண்டல், கச்சான், வாடை, சோழகம் எனக் காற்றைத் திசையால் பெயரிட்டு அறியும் மக்களுக்குத் 'தாழ்வு' என்னும் சொல் அஞ்சத் தக்கதாக ஒலிப்பதில்லை. தாழ்வு ஆழமாக ஆழமாகக் கேடு உயர்கிறது என்னும் முரணை எவரும் அவர்களோடு அமர்ந்து பேசவில்லை.

பெருந்தொற்றுக் காலத்தில் 'சமூக இடைவெளி', 'சமூக விலகல்' என்னும் தொடர்கள் நாடெங்கும் முழங்கின. தீண்டாமையின் வரலாற்றைச் சுமக்கும் நிலத்தில் அத்தொடர்கள் எழுப்பும் பொருளை அறிஞர் சிலர் எடுத்துக் காட்டினர். உலக நலவாழ்வு நிறுவனமே 2020 மார்ச்சில் 'உடல்சார் இடைவெளி' என்னும் பொருள்படும் தொடருக்கு மாறியது. தமிழில் பழைய தொடரே சுவர்களில் நின்றது. 2021 சூன் மாதத்தில் தடுப்பூசிப் பதிவுக்கான கோவின் தளத்தில் இந்திய மொழிகள் சேர்க்கப்பட்டபோது தமிழ் முதலில் விடுபட்டிருந்தது. எதிர்ப்பு எழுந்த பின்னரே இடம்பெற்றது.

சொல்லாக்கத்திலேயே சிக்கல் தொடங்குகிறது. 'கனமழைக்கு வாய்ப்பு' என நாளிதழ்கள் எழுதுகின்றன. 'வாய்த்தல்' நன்மை கைகூடுதலைக் குறிக்கும் சொல். உயிருக்கு ஊறு நேரும் 'வாய்ப்பு' என எழுதும்போது அச்சொல் தன் இயல்புக்கு மாறாக இழுக்கப்படுகிறது. 'இடர்' என்பதோ நேர்ந்துவிட்ட துன்பத்தையே பெரிதும் குறித்து வந்தது. நேரக்கூடும் என்னும் நிகழ்தகவுக் கூறு அதில் இல்லை. தீங்கு, ஊறு, கேடு, இடர், ஆபத்து ஆகியவற்றின் பொருள் எல்லைகள் இன்னும் வரையறை பெறவில்லை. சொற்பொருளியல் பயின்றவர் செய்யாவிடில் இதனை எவர் செய்வர்?

அல்சூர் என்னும் களம்

தமிழகத்துக்கு உள்ளேயே நிலை இவ்வாறாயின், தமிழ் ஆட்சிமொழியாக இல்லாத இடத்துத் தமிழர் நிலை எண்ணத்தக்கது. அல்சூர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெங்களூர்ப் படைப்பாளையத்தின் பகுதியாக வளர்ந்தது. சென்னைப் படைப்பிரிவுகளோடும் வணிகத்தோடும் தமிழர் அங்கே குடியேறினர். சென்னைப் பொறியாளர் படைப்பிரிவின் தலைமையகம் இன்றும் ஏரிக்கு அருகில் உள்ளது. 1950-இல் தோன்றிய பெங்களூர்த் தமிழ்ச்சங்கமும் ஏரியின் அண்மையிலேயே உள்ளது. 1949-இல் படைப்பாளைய நகராட்சியும் நகர நகராட்சியும் ஒன்றாக்கப்பட்டு மாநகராட்சி உருவானது.

1898 ஆகத்தில் பெங்களூரைக் கொள்ளைநோய் தாக்கியது. வீடுவீடாகச் சோதனை, நோயுற்றோரைப் பிரித்து வைத்தல், குடியிருப்புகளை வெறுமையாக்குதல் ஆகிய நடவடிக்கைகள் இந்திய நகரங்கள் பலவற்றில் நோயினும் மிகுதியாக அஞ்சப்பட்டன. புனேயில் அந்நடவடிக்கைகளுக்குத் தலைமை தாங்கிய ராண்டு 22.06.1897 அன்று சுடப்பட்டார். அல்சூரின் தமிழ்க் குடிகளுக்கு அன்று என்ன சொல்லப்பட்டது, எம்மொழியில், எவர் வாயால் என்னும் வினாக்கள் முறையாக ஆராயப்பட வேண்டியவை. அவற்றுக்கான சான்றுகளைத் தேடி ஆவணக் காப்பகங்களுக்குச் செல்வது மேலாய்வாளர் ஒருவரின் முதலாண்டுப் பணியாகலாம்.

2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. கழிவுநீர்க் கலப்பும் நீரில் கரைந்த உயிர்வளியின் குறைவும் காரணமாகக் கூறப்பட்டன. ஆய்வகத்துக்கு அவ்விளக்கம் போதும். கரையோரத்தில் வாழும் பெண்ணுக்கு வேண்டிய விளக்கம் வேறு: சந்தையில் விற்கும் மீனை வாங்கலாமா, குழந்தை கரையில் விளையாடலாமா, நாற்றம் நோய் தருமா. அவ்வினாக்களை அவரிடமிருந்தே கேட்டறிந்து விடை அமைப்பதே இடர்த்தொடர்பு.

அரசமைப்புச் சட்டத்தின் 350-ஆம் உறுப்பு, குடிமகன் தன் குறையை நாட்டில் வழங்கும் எம்மொழியிலும் முறையிடலாம் என்கிறது. ஆள்வோர் ஆபத்துக் காலத்தில் குடிமகனிடம் அவன் மொழியில் பேச வேண்டும் என்று அவ்வுறுப்புக் கூறவில்லை. 1956-ஆம் ஆண்டின் மொழிச் சிறுபான்மையோர் பாதுகாப்புக் குறிப்பைத் தொடர்ந்து அமைந்த ஏற்பாடுகள், 15 விழுக்காட்டுக்குக் குறையாதோர் பேசும் மொழியில் முக்கிய அறிவிப்புகள் வெளியிடப்பட வேண்டும் என்கின்றன. 2023-இல் செல்பேசிகளில் ஒலித்த பேரிடர் எச்சரிக்கை ஒத்திகைகளோ ஆங்கிலம், இந்தி, அவ்வம் மாநில மொழி என்னும் அளவிலேயே திட்டமிடப்பட்டன.

இங்கே தமிழார்வலர்க்கும் ஒன்று கூற வேண்டியுள்ளது. அல்சூரில் தமிழில் சுவரொட்டி ஒட்டினால் கடமை முடிந்தது எனக் கருதுவது தவறு. தமிழைத் தாய்மொழியாகக் கொண்டு, வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் பயின்று, தமிழ் எழுத்தைப் படிக்க இயலாத தலைமுறை பெங்களூரில் வளர்ந்துள்ளது. அவர்களுக்குத் தமிழ் செவிமொழி, கண்மொழி அன்று. அம்மக்களுக்கு எச்சரிக்கை பேச்சுத்தமிழில் ஒலிக்க வேண்டுமா, கன்னட எழுத்தில் அமைய வேண்டுமா, இரண்டும் கலந்து வர வேண்டுமா என்பதனை உணர்ச்சி முடிவு செய்ய இயலாது; களஆய்வுதான் முடிவு செய்யும்.

மரபு காட்டும் வழி

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சத்தின் நிலைக்களன்களாகத் தெய்வம், விலங்கு, கள்வர், தம் இறை ஆகிய நான்கினைக் கூறும். முதல் மூன்றும் வெளியிலிருந்து வரும் தீங்கு. நான்காவது காப்பவரே அஞ்சப்படும் நிலை. கொள்ளைநோய்க் காலத்து மக்கள் நோயையும் அஞ்சினர், அதிகாரியையும் அஞ்சினர் என்பதை விளக்க இதனினும் செறிவான பகுப்பு வேண்டுவதில்லை. எச்சரிப்பவர்பால் அச்சம் இருக்கும்போது எச்சரிக்கை பயனற்றுப் போகும் எனத் தற்கால ஆய்வு கூறுவதும் இதுவே.

புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டு பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியின் அறப்போரைப் பாடுகிறது. அம்பு விடுமுன், ஊறு தாங்க இயலாதோரை வகைப்படுத்தி அழைத்து, நேரவிருப்பதைச் சொல்லி, அரணை அடையுமாறு அறிவிக்கும் முறை அதில் பேசப்படுகிறது. விளிக்கப்படுவோர், வரவிருப்பது, செய்ய வேண்டியது ஆகிய மூன்றும் முன்னிலையில் நேர்முகமாக அமைந்துள்ளன. பெண்டிரும் பிணியுடையோரும் அங்கே பெயர் சுட்டி அழைக்கப்படுகின்றனர். மிலெட்டி, சோரன்சன் போன்ற ஆய்வாளர் நல்ல எச்சரிக்கைக்கு வகுத்த கூறுகளோடு இது ஒப்பிடத் தக்கது. திருக்குறள் அறிவுடைமை அதிகாரம், அஞ்சத் தக்கதற்கு அஞ்சாமையைப் பேதைமை எனவும், வருவதை முன்னறிந்து காப்போர்க்கு அதிரவரும் நோய் இல்லை எனவும் உரைக்கிறது. எல்லாம் பழந்தமிழில் உண்டு எனப் பெருமை கொள்வதற்காக இவை ஈண்டுச் சுட்டப்படவில்லை. இம்மரபைப் பாடமாகப் பயிற்றும் துறை, அதன் வழித்தோன்றலான ஆய்வை அயலார்க்கு விட்டுக் கொடுத்துள்ளது என்பதே குற்றச்சாட்டு.

தடைகளும் விடைகளும்

இது இதழியல் துறைக்கும் மருத்துவத் துறைக்கும் உரியது என்பது முதல் தடை. அத்துறையினர் நோயையும் ஊடகத்தையும் அறிவர். 'தாழ்வு' என்னும் சொல் கேட்போர் உள்ளத்தில் என்ன செய்கிறது என்பதை வட்டார வழக்கும் சொற்பொருளியலும் அறிந்தவரே ஆராய இயலும்.

மொழிபெயர்ப்பாளர் ஒருவரை அமர்த்தினால் போதும் என்பது இரண்டாம் தடை. மொழிபெயர்ப்பு என்பது ஆங்கிலத்தில் முடிவு செய்தபின் தொடங்கும் பணி. கேட்போரின் வினாவே தவறாக அறியப்பட்டிருந்தால் திருத்தமான மொழிபெயர்ப்பும் தவறான விடையையே தரும்.

கர்நாடகத்தில் தமிழ் எச்சரிக்கை மொழிப்பூசலைக் கிளறும் என்பது மூன்றாம் தடை. இதனைப் புறந்தள்ளுதல் இயலாது. 1991-இலும் 2016-இலும் காவிரிச் சிக்கலையொட்டிப் பெங்களூர்த் தமிழர் பட்ட துன்பம் நினைவில் உள்ளது. ஆனால் அத்தகைய நாட்களில்தான் வதந்தி விரைகிறது. அன்றுதான் நம்பத்தக்க சொல் மிகுதியாகத் தேவைப்படுகிறது. கன்னட ஆய்வாளரோடு இணைந்து, அங்கு வாழும் தெலுங்கு, உருது, கன்னட மக்களையும் உள்ளடக்கிச் செய்யும் ஆய்வு பூசலுக்கு இடம் தராது.

முனைவர் பட்டம் பெற்று வேலையின்றி இருப்போருக்கு இடம் தேடும் முயற்சி இது என்பது நான்காம் தடை. அவ்வாறே கொண்டாலும் இழுக்கில்லை. தமிழ் முனைவர்க்குக் கிட்டும் மேலாய்வு நல்கைகள் மிகச் சில. செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் வழங்கிய நல்கைகள் கி.பி. 600-க்கு முற்பட்ட தமிழை எல்லையாகக் கொண்டவை. அந்நிறுவனத்தின் நோக்கத்துக்கு அது பொருந்தும். அந்த எல்லையே தமிழாய்வு முழுமையின் எல்லையாக மனத்தில் பதிந்துவிட்டமை துறைகளின் குறை. 2022-இல் பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்த இராதாகிருட்டிணன் மேலாய்வு நல்கை மொழிகளுக்கும் சமூக அறிவியலுக்கும் இடமளித்தது. வாயில் இருந்தது; அவ்வழியே செல்லத் தமிழ்த்துறைகள் எவரையும் ஆயத்தப்படுத்தவில்லை.

பணியிடம் அமைய வேண்டிய முறை

மேலாய்வுப் பணியிடம் மூன்றாண்டுக் காலத்தினதாக அமைதல் வேண்டும். முதலாண்டில் ஆவணமும் களமும், இரண்டாம் ஆண்டில் மக்களோடு கூடி எச்சரிக்கை உரைகளை அமைத்தல், மூன்றாம் ஆண்டில் அவற்றைச் சோதித்துத் திருத்துதல் எனப் பகுக்கலாம். மேலாய்வாளர்க்குக் கன்னடத்தில் பேசும் திறன் கட்டாயமாக்கப்பட வேண்டும். தமிழ்ப் பேராசிரியர் ஒருவரும் நீரியல் அல்லது பொதுநலவாழ்வியல் பேராசிரியர் ஒருவரும் இணைந்து நெறிப்படுத்த வேண்டும். வெளியான கட்டுரைகளின் எண்ணிக்கை மட்டும் ஆய்வின் வெற்றியைக் காட்டாது. ஓர் எச்சரிக்கையைக் கேட்ட நூறு பேருள் எத்தனை பேர் அதனைத் தம் சொல்லில் திருப்பிச் சொல்லினர், எத்தனை பேர் செய்ய வேண்டியதைச் சரியாகக் கூறினர் என்பதும் அளவுகோலாக வேண்டும். 1981-இல் தோன்றிய தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அறிவியல் தமிழுக்கெனத் துறை கண்டது. கலைச்சொல் ஆக்கத்தில் நின்றுவிடாது, சொல் சென்று சேர்ந்ததா எனப் பார்க்கும் அடுத்த படியை அத்தகைய துறைகளே தொடங்கி வைக்கலாம்.

முடிவுரை

இடர் வருமுன் உரைத்தல் மொழியின் தலையாய பயன்களுள் ஒன்று. போபாலில் அது சொல்லப்படவில்லை. நாகையில் சொல் இருந்தும் சேரவில்லை. சென்னையில் கனஅடியாகச் சேர்ந்தது. நல்லவாட்டில் ஊரார் குரலில் சேர்ந்து உயிர் காத்தது. இந்நான்கினையும் ஒருங்கே வைத்து ஆராயும் பணியிடம் ஒன்று தமிழ்த்துறைகளில் இல்லாமை பொருளாதாரக் குறைவால் நேர்ந்ததன்று. தமிழாய்வின் எல்லையைக் குறுக்கிக் கொண்டமையால் நேர்ந்தது. அல்சூர் ஏரிக்கரையில் வள்ளுவரை மூடிய துணி 2009-இல் அகற்றப்பட்டது. வருமுன் காக்கச் சொன்ன அவர் காலடியில் வாழும் மக்களுக்கு, அடுத்த வெள்ளமோ அடுத்த தொற்றோ வரும் முன்னர், அவர்கள் செவிக்கு எட்டும் மொழியில் அதனைச் சொல்ல வல்ல ஒருவரைப் பயிற்றித் தருவது தமிழ்த்துறைகளின் நெடுநாள் கடன். அக்கடனைத் தள்ளிப்போடும் ஒவ்வோர் ஆண்டுக்கும் உரிய விலையைச் செலுத்துவோர் பேராசிரியர்கள் அல்லர்.